சீட்டில் விழுந்த வசனம்

சென்ற மாதக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் வாசித்த கவிதையில், தினசரிக் காலண்டரில் வரும் பைபிள் வசனத்தைப் பற்றி ஒரு கேலி இருந்தது. எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். திரும்புகையில் பஸ்ஸில் எழுதியிருந்த குறளைப் பார்த்தபடி வந்தபோதுதான், எதைக் கேலி செய்தோம் என்பது எனக்கே தெளிவில்லை என்று உறைத்தது. அரசாங்கம் பஸ்ஸில் எழுதி வைத்தால் பண்பாடு. மீனவப் பெண் ஒருத்தி பர்ஸில் செருகி வைத்தால் பாமரத்தனம். இந்த வித்தியாசத்துக்கு இலக்கிய ரீதியாக ஏதாவது நியாயம் உண்டா என்று பார்க்கவே இதை எழுதுகிறேன். மதப் பிரசாரம் என் நோக்கமில்லை. நான் அந்த மதத்தவனும் இல்லை.

நம் வட்டத்தில் இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. ஒன்று அரசியல் சம்பந்தப்பட்டது: ஆறுதல் மனிதனை மயக்கி உட்கார்த்தி வைத்துவிடும் என்பது. அதற்குப் பின்னால் வருகிறேன். மற்றது வாசிப்பு சம்பந்தப்பட்டது. என் கட்சியும் அதுவாகத்தான் இருந்தது. ஒரு நூலிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிடுங்கி, யார் யாரிடம் எப்போது எதற்காகச் சொன்னது என்பதையெல்லாம் உதறிவிட்டு, இது இன்றைக்கு எனக்கு என்று எடுத்துக்கொள்வது வாசிப்பே அல்ல, குறி கேட்பது. பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருஷத்தில் உருப்படியாக மனசில் தங்கிய ஒரே பாடம், வரியை அதன் இடத்திலிருந்து பெயர்க்காதே என்பது. (அந்தப் பாடத்துக்கு மூலவர்களில் ஒருவரான ஐ.ஏ. ரிச்சர்ட்ஸே கேம்பிரிட்ஜில் மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்தபோது, எழுதியவர் பெயரையும் காலத்தையும் மறைத்துத்தான் கொடுத்தார் என்பதை நான் வெகுநாள் யோசித்ததில்லை.)

இந்தக் கட்சி முதலில் ஆட்டம் கண்டது பழவேற்காட்டில். சில வருஷங்களுக்கு முன் அந்த ஏரிப் பக்கத்துக் கிளை ஒன்றில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். மீன்பாடு குறையும் மாதங்களில் வளையலும் கம்மலும் உள்ளே வரும். இறால் கிடைக்கும் மாதங்களில் வெளியே போகும். அறுபதை நெருங்கிய ஒரு அம்மாள், மீன் கூடைக்காரி, பழைய ரசீதைத் தேடிப் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்: ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, பேரனின் ஃபோட்டோ, ஓரம் மடிந்த ஒரு வண்ண அட்டை. அட்டையில் ஏசாயா 43ஆம் அதிகாரம், 2ஆம் வசனம். தண்ணீரைக் கடப்பவனுக்குத் துணை வருவதாக வாக்குக் கொடுக்கும் வசனம் அது. புத்தாண்டு இரவு ஆராதனையில் கவிழ்த்து வைத்த அட்டைகளிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். எடுத்தது அந்த வருஷம் முழுவதற்கும் அவருடைய வாக்குத்தத்தம். ‘இந்தப் புஸ்தகத்த முழுசா படிச்சிருக்கீங்களாம்மா?’ என்று கேட்டேன். கேள்வியில் கொஞ்சம் விஷமம் இருந்தது.

‘முழுசா படிக்க எங்க சார் நேரம்? ஒண்ணு போதும். இந்த ஒண்ணே இன்னும் முடியல’ என்றாள்.

படித்து முடியவில்லை என்றாளா, அதன்படி நடக்க முடியவில்லை என்றாளா? தமிழில் இரண்டுக்கும் அதே வார்த்தைதான். நான் ரசீதில் முத்திரை போட்டுக் கொடுத்தேன். அந்த வார்த்தை போகவில்லை.

முதலில் வசனம் என்ற இந்த அலகையே எடுத்துக்கொள்வோம். பைபிளை எழுதியவர்களுக்கு அப்படி ஒன்று தெரியாது. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டு வேலை. இன்று நாம் காணும் எண்ணிட்ட வசனங்களைப் புதிய ஏற்பாட்டுக்கு 1551-ல் அமைத்தவர் ராபர்ட் எஸ்தியென் என்ற பிரெஞ்சு அச்சகக்காரர். குதிரைப் பிரயாணத்தினிடையே இந்த வேலையைச் செய்தார் என்று அவர் மகன் எழுதி வைத்ததைக் கொண்டு, சில இடங்களில் வசனம் அபத்தமாக முறிவதற்குக் குதிரையின் குலுக்கல்தான் காரணம் என்று சொல்லிச் சிரிக்கும் மரபும் உண்டு. ஆக, ‘இடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட வரி’ என்று நாம் குறை சொல்வதைப் பெயர்த்தது பக்தர்களல்ல, அச்சுக்கூடம். ஆங்கிலத்தில் இந்த அலகுக்குச் செய்யுளைக் குறிக்கும் சொல்லே பெயராயிற்று. தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதற்கு எதிர்முனையிலிருந்து ஒரு சொல்லை எடுத்தார்கள்: வசனம். வசனமா கவிதையா என்று நாம் எத்தனை வருஷம் அடித்துக்கொண்டோம்! பைபிள் ஆங்கிலத்தின் மூச்சை எடுத்துக்கொண்டவன் விட்மன். விட்மனையும் பாரதியின் வசனங்களையும் படித்துத் துணிந்தவர் பிச்சமூர்த்தி. அந்தச் சண்டை ‘எழுத்து’ப் பக்கங்களுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, வசனத்தைக் கவிதை போல மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு ஒரு ஜனக்கூட்டம் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தது. நாம் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனையும் முகத்துவாரமும் நம் பக்கத்தில். போர்த்துக்கீசியர் போன பிறகு டச்சுக் கம்பெனி வந்து 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. இப்போது கோட்டை மேடும் முட்புதருமாகக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம்தான் மிச்சம். அதன் வாசலில் 1656 என்ற வருஷமும், இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளும்.

இந்தக் கோட்டையில் 1630களில் தொடங்கிச் சுமார் பத்தாண்டு போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். கம்பெனி ஊழியர்களுக்குப் பிரசங்கம் செய்வது அவர் உத்தியோகம். ஒழிந்த நேரத்தில் பத்மநாபன் என்ற பிராமணருடன் போர்த்துக்கீசிய மொழியில் பேசிப் பேசி, இந்த நாட்டு நம்பிக்கைகளையும் சடங்குகளையும் எழுதி வைத்தார். அவர் இறந்தபின் 1651-ல் லைடனில் வெளிவந்த அந்த டச்சு நூலின் தலைப்புக்கு ‘மறைந்திருக்கும் அஞ்ஞானத்துக்குத் திறந்த வாசல்’ என்று பொருள். வாசலைத் திறந்தவர் உள்ளே கண்ட ஒன்று அவரை விடவில்லை. பத்மநாபன் சொல்லச் சொல்லக் கேட்டு, பர்த்ருஹரியின் நீதி, வைராக்கிய சதகங்களை நூலின் கடைசியில் டச்சில் சேர்த்தார். சிருங்காரம் விடுபட்டுப் போயிற்று. சமஸ்கிருதக் கவிதை ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறியது அதுதான் முதல் தடவை. 1663-ல் அது ஜெர்மனில் வந்தது. பின்னால் ஹெர்டர் அதைக் கையில் எடுத்தார்.

பைபிள் வசனத்தைக் கொடுக்க வந்தவர் பர்த்ருஹரி சுலோகத்தை எடுத்துக்கொண்டு போனார் என்று இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ரோஜேரியஸ் எடுத்துப் போனவை முத்தகங்கள். தண்டியலங்காரம் செய்யுள் வகைகளைச் சொல்லும்போது முதலில் வைப்பது முத்தகத்தை: தனியே நின்று பொருள் முடிவது. காப்பியத்திலிருந்து உதிர்ந்த துண்டு அல்ல அது. தன்னளவில் ஓர் உருவம். ரோஜேரியஸுக்கு அது சட்டென்று பிடிபட்டதற்குக் காரணம், அவர் வளர்ந்த சபையே தனி வசனத்தில் வாழப் பழகிய சபை என்பதுதான் என்று நினைக்கிறேன். எஸ்தியெனின் கத்தரிப்பு நூறு வருஷத்தில் ஐரோப்பியனின் காதை மாற்றியிருந்தது. நம்மிடம் அந்தக் காது முன்பே இருந்தது.

பக்திக்கும் சீட்டுக்கும் உள்ள உறவும் நமக்குப் புதிதல்ல. திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்ப்பார்கள்; விழுந்த ஏட்டில் வரும் பாட்டுத்தான் விடை. மெய்கண்டார் பிறந்த கதையே அப்படிக் கயிறு சாத்தியதில் கிடைத்த சம்பந்தர் பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பக்கம் பார்த்தால், 386-ல் மிலான் நகரத் தோட்டத்தில் அகஸ்தீன் ஏட்டைத் திறந்தபோது கண்ணில் பட்ட ரோமர் நிருப வரிகள் அவர் ஜன்மத்தையே திருப்பிவிட்டன. ஆனால் தினம் ஒன்று என்ற ஏற்பாடு 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் உருவானது. ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தைச் சார்ந்த போகாட்ஸ்கி 1718-ல் ஒரு ‘பொக்கிஷப் பெட்டி’ வெளியிட்டார். நாளுக்கு ஒரு வசனம், அதன் மேல் சிறு தியானம். 1728-ல் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் ஸின்ஸன்டார்ஃப் பிரபு அன்றன்றைக்கு ஒரு வசனம் சொல்லியனுப்ப ஆரம்பித்தார். அது வீடு வீடாகப் போயிற்று. 1731 முதல் வருஷம் முழுவதற்கும் சேர்த்து அச்சாயிற்று. அந்த வசனங்கள் இன்றும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கப்படுகின்றன. ஹாலேக்காரர்களுக்கும் ஹெர்ன்ஹூட்காரர்களுக்கும் ஆகாது. இருவருமே தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னவர்கள் 1706-ல், பின்னவர்கள் 1760-ல்.

ஹாலேயிலிருந்து 1740-ல் வந்தவர் ஃபப்ரிஷியஸ். தரங்கம்பாடியில் கொஞ்ச காலம், பிறகு சாகும்வரை சென்னை. 1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது, தன் சிறு சபையோடு அவர் ஒதுங்கிய இடம் டச்சுக்காரர்களின் பழவேற்காடு. 1749-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிய பிறகுதான் வேப்பேரி வாசம். 1758 கடைசியில் லாலி முற்றுகையிட்டபோது மறுபடியும் மூட்டை கட்டிப் பழவேற்காடு. இரண்டு முறை அகதியான இந்த மனிதர் செய்த தமிழ் மொழிபெயர்ப்பு 1770களின் தொடக்கத்தில் புதிய ஏற்பாடாக வெளிவந்தது. அச்சிட்ட யந்திரம், 1761-ல் பாண்டிச்சேரி வீழ்ந்தபோது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றி வேப்பேரிக்குக் கொண்டுவந்தது! பழைய ஏற்பாடு முழுவதும் வெளிவர அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு ஆகிவிட்டது. அதற்குள் அவர், பிறர் பணத்தைக் கடன் கொடுக்கல் வாங்கலில் விட்டு, முதுமையில் கடனுக்காகச் சிறையும் இருந்து, 1791-ல் இறந்துபோனார். (நகைக்கடன் கவுண்டரில் உட்காருபவனுக்கு இந்தக் கடைசிச் செய்தியைத் தாண்டிப் போவது கொஞ்சம் சிரமம்.) 1871-ல் பவர் தலைமையில் செய்த திருத்தம் ஃபப்ரிஷியஸின் ஓசையைக் கூடியமட்டும் காப்பாற்றியது. அதுதான் இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கும் பைபிள். அந்த அம்மாளின் அட்டையிலிருந்த வாக்கியமும் அந்தப் பரம்பரைதான். கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை வித்வான்கள் போற்றுகிறார்கள். ஆனால் கூடைக்காரியின் உறைக்குள் போனது அகதியின் வசனம்.

இப்போது ஏரிக்கு வருகிறேன். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர்களிடையே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அதற்குப் பெயர் பாடு. ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் இன்றைக்கு யார் வலை கட்டுவது என்பதை வலுத்தவன் தீர்மானிப்பதில்லை. சீட்டும் முறையும் தீர்மானிக்கின்றன. இன்று எனக்கு நல்ல இடம் விழுந்தால் நாளை உனக்கு. அதிர்ஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ள மனிதன் கண்டுபிடித்த வழிகளில் இது ஒன்று, அதில் நேர்த்தியானதும்கூட. மீனவனுக்குப் பாடு என்பது அவன் முறை, அவன் இடம். அதே சொல் தமிழில் உழைப்பையும் வேதனையையும் சொல்கிறது. கிறிஸ்துவின் பாடுகள் என்று கோயிலில் கேட்பதும் அதுதான். வேறு எந்த மொழியிலாவது இம்மூன்றும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். சீட்டில் விழுந்ததை எடுத்துக்கொண்டு நாளை ஓட்டுவது இந்த ஊருக்கு யாரும் ஜெர்மனியிலிருந்து வந்து சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஏரிப் பாட்டுக்குப் பிறப்பு வேண்டும். இன்ன ஜாதி, இன்ன ஊர், ஆண். பெண்களுக்கு அதில் இடமில்லை. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குச் சீட்டில் பெயரே இல்லை. கவிழ்த்து வைத்த அட்டையை யாரும் எடுக்கலாம். நியாயமான சீட்டுதான், ஆனால் வெளியே நிற்பவர்களும் இருந்தார்கள். அவர்களும் கை நீட்டக்கூடிய இன்னொரு சீட்டு வந்து சேர்ந்தது. இது என் ஊகம். ஊகமென்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதா குப்பத்துக் கத்தோலிக்கர்களிடம் கதை வேறு. மகிமை மாதா கோயில் போர்த்துக்கீசியர் காலத்து மரபு. அங்கே ஆறுதல் மாதாவிடமும் ஜெபமாலையிலும் இருந்தது. தனியாகப் பைபிளைப் புரட்டுவது வழக்கமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வேதத்தை விசுவாசிகள் எல்லோர் கையிலும் கொடுக்கச் சொன்ன பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. 1995-ன் பொது மொழிபெயர்ப்பு தமிழையும் மாற்றியது: ஒரு வீட்டில் கர்த்தர், அடுத்த வீட்டில் ஆண்டவர். இப்போது இருவருக்கும் காலை வசனம் கைபேசியில் வந்துவிடுகிறது. கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகளில் வசனம்கூட இல்லை. அதிகாரமும் எண்ணும் மட்டும் பெயிண்ட்டில். தெரிந்தவனுக்குத் தெரியும்.

அந்த அம்மாளிடம் ஒரு நாள் என் படிப்பைக் காட்டினேன். அவள் வசனம் அவளுக்குச் சொன்னது அல்ல; பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூத ஜனத்துக்கு, இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னால் சொன்னது என்றேன். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

‘அவங்களையும் ஊர விட்டு எழுப்பிட்டாங்களா சார்?’ என்று கேட்டாள்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 1969-ல் இடம் தேர்ந்தெடுத்தார்கள். தீவு காலியானபோது இந்தப் பக்கம் வந்த குடும்பங்களில் அவள் அப்பா வீடும் ஒன்று. இன்றும் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகக்கூடாது. நான் அவளிடமிருந்து பிடுங்குவதாக நினைத்துக் கொடுத்த சூழலை, அவள் வாங்கி வசனத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். அங்கே ஒரு ஜனம் முழுவதையும் ‘நீ’ என்றே ஒருமையில் விளிக்கிறது மூலம். எபிரேயத்தில் ஒருமை, இன்றைய ஆங்கிலத்தில் அது தெரியாது, தமிழில் தெரிகிறது. ஆயிரம் பேரை ஒருத்தனாகக் கூப்பிட்டால், அந்த ஆயிரத்தில் எந்த ஒருத்தியும் திரும்பிப் பார்க்கலாம். வசனம் அவளுடையதானது அவள் அறியாமையால் அல்ல, இலக்கணத்தால். நம் புதுக்கவிதையில் ‘நீ’ என்று எழுதுகிறோமே, அது யாரை என்று யோசித்திருக்கிறோமா? பெரும்பாலும் எழுதியவனைத்தான்.

இத்தனையும் சொல்லிவிட்டு அரசியல் ஆட்சேபத்தை விழுங்கிவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். 17ஆம் நூற்றாண்டில், குறிப்பாகப் பஞ்ச காலங்களில், இந்தப் பழவேற்காட்டிலிருந்து டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கான தமிழ், தெலுங்கு ஜனங்களை அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றியனுப்பியது. கம்பெனிக் கப்பல்களில் காலையும் மாலையும் ஜெபமும் சங்கீதமும் விதி. 107ஆம் சங்கீதம் கடலோடிகளின் சங்கீதம். 23 முதல் 30 வரையுள்ள வசனங்கள் புயலில் தத்தளிக்கும் கப்பல்காரர்களைப் பற்றியவை. பழவேற்காட்டுப் படகிலும் இதன் எண்ணைக் கண்டிருக்கிறேன். அதே சங்கீதத்தில் பதின்மூன்று வசனங்களுக்கு முன்னால், 10ஆம் வசனத்தில், இருட்டில் இரும்பு விலங்கில் கிடப்பவர்கள் வருகிறார்கள். மேல்தளத்தில் 23-ஐப் பாடியவன் காலுக்குக் கீழே 10 கிடந்தது. பிடுங்கி எடுப்பது அவனுக்கும் பலம் கொடுத்தது. அலைக்குப் பயப்படாமல் போய்ச் சேர்ந்தான், சரக்கோடு. ஆகவே வரியைப் பெயர்க்காதே என்ற என் பாடத்தை நான் முழுக்கக் கைவிடவில்லை. யார் எதை விட்டுவிட்டு எதை எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அம்மாள் விட்டதை நான் சொன்னதும் எடுத்துக்கொண்டாள். கம்பெனிக்காரனிடம் அதைச் சொல்ல யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ரோஜேரியஸின் நூல் பிராமணர்களின் சடங்கைச் சொல்லுகிற அளவுக்குக் கப்பலில் ஏறியவர்களைச் சொல்லுவதில்லை.

நான் அந்தக் கிளையை விட்டு மாறுவதற்கு முந்தின ஜனவரியில் அம்மாள் நகையை மீட்க வந்தாள். அட்டை மாறியிருந்தது. ‘கண்ணாடி எடுத்தார்ல. நீயே படி சார்’ என்று நீட்டினாள். ஆபகூக் 3ஆம் அதிகாரம், 17, 18. டோக்கனோடு நின்றவர்கள் காதில் விழும்படி படித்தேன். அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டு மந்தை, மாட்டுத் தொழுவம் என்று ஒவ்வொன்றாக இல்லாமற்போவதன் பட்டியல். எல்லாம் போனாலும் மகிழ்வேன் என்று முடிகிறது. முகத்துவாரம் மணல் அடைத்து, ஏரிக்குள் இறால் ஏறாத வருஷம் அது.

‘இதுல மீனு இல்லியா சார்?’

இல்லையென்றேன்.

‘நாம சேத்துக்கினா போச்சு’ என்று ரசீதோடு அதையும் உறைக்குள் வைத்துக்கொண்டு, வளையல்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள்.